துறைத் தலைவரின் ‘பாத்தீங்கன்னா’வும் உங்கள் ‘புரியுதா’வும்

கேள்வி:

நான் கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கிறேன். எங்கள் துறைத் தலைவர் நன்றாகப் படித்தவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் வாயைத் திறந்தால் ‘பாத்தீங்கன்னா’தான். “இந்த செமஸ்டர் பாத்தீங்கன்னா, அட்டெண்டன்ஸ் பாத்தீங்கன்னா, ரொம்பக் கொறஞ்சிருக்கு பாத்தீங்கன்னா” என்கிறார். எதைத்தான் பார்க்கச் சொல்கிறாரோ! கூட்டத்தில் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். அவர் சொல்லும் விஷயம் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்தால் என் கணவர் ‘ஆக்சுவலி’ போடாமல் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. மாணவர்களின் செமினாரிலும் இதே கதை. ‘பேசிக்கலி’, ‘லைக்’, ‘வந்து’ என்று இழுப்பவர்களுக்கு மதிப்பெண் குறைக்கிறேன். படித்தவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? தலைவரிடம் இதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது? கடைசியாக ஒன்று: நான் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘புரியுதா?’ என்று கேட்பதாக என் மகள் கேலி செய்கிறாள். அது ஆசிரியர் பழக்கம், அதில் தவறில்லைதானே?

– ஒரு பேராசிரியை

பதில் அளிப்பவர்: பேச்சு, மொழி சிகிச்சையாளர்

அன்புள்ள பேராசிரியை அவர்களுக்கு,

போகிற போக்கில் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகள் சொல்வது சரி. கடிதத்தில் வரும் எல்லாச் சொற்களிலும் முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் ‘புரியுதா?’தான் என்பது என் கருத்து.

தலைவரின் ‘பாத்தீங்கன்னா’ உங்களிடம் எதையும் கேட்பதில்லை. காதில் விழுந்து போய்விடுகிறது. ‘புரியுதா?’ அப்படியல்ல. அது கேள்வி. பதிலை எதிர்பார்க்கிறது, ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. புரியாத மாணவன் வகுப்பு முழுக்கப் பார்க்க “இல்லை மேடம்” என்று சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? தலையாட்டுவார்கள். சில வாரங்களில் அதையும் நிறுத்திவிடுவார்கள். இதே சொல்லை வகுப்புக்கு வெளியே, சம வயதுக்காரர்களிடமோ மகளிடமோ சொன்னால், ‘உனக்கு இது எட்டாமல் போயிருக்கலாம்’ என்றுதான் அவர்கள் காதில் விழும். நீங்கள் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

எரிச்சல் எங்கே பிறக்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. பொருளில்லாத சொல் கேட்பவரை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. கேட்பவரைப் பற்றி ஏதோ ஒன்றை மறைமுகமாகச் சொல்லும் சொல்தான் உறுத்துகிறது. ‘நான் ஏற்கனவே சொன்ன மாதிரி’ என்றால், நீ கவனிக்கவில்லை. ‘உண்மையைச் சொல்லணும்னா’ என்றால், இதுவரை சொன்னது என்ன? ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்றால், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று வரப்போகிறது. ‘ஆப்வியஸ்லி’ என்றால், இதுகூடத் தெரியாதா உனக்கு? படித்தவர்களின் பேச்சில் இந்த வகை அதிகம். அதனால்தான் அவர்கள் பேச்சு கூடுதலாக எரிச்சலூட்டுகிறது. படிக்காதவர் ஒருவர் ‘வந்து... வந்து...’ என்று இழுத்தால் நாம் பொறுமையாகக் காத்திருக்கிறோம், இல்லையா?

உங்கள் கணவரின் ‘ஆக்சுவலி’யும் இதே இனம்தான், கொஞ்சம் சாதுவான கிளை. எதிரில் இருப்பவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார், அதைத் திருத்துகிறோம் என்ற இடத்தில்தான் அதற்கு வேலை. தண்ணீர் கேட்கும்போது திருத்துவதற்கு எதுவுமில்லை. ஆனாலும் உங்கள் காது ஒவ்வொரு முறையும் திருத்தப்படுகிறது. பாவம் அவருக்கு அது தெரியாது. வேலையிடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சொல்லாக இருக்கும். கூட்டங்களில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் வந்துவிடுகிற சொற்கள் இவை.

இனி ‘ம்ம்...’, ‘ஆ...’, ‘வந்து’, ‘என்னன்னா’ போன்ற சாதாரணத் தடுமாற்றச் சொற்களுக்கு வருவோம். இவற்றின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இவை கேட்பவருக்கு உதவுகின்றன. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலப் பேச்சில் வரும் ‘அ’, ‘அம்’ ஒலிகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னால் வரும் தாமதம் சிறியதென்றால் ‘அ’, பெரியதென்றால் ‘அம்’ என்று பேசுபவர்கள் தங்களை அறியாமலே பிரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்கு முந்தைய ஆண்டு ஃபாக்ஸ் ட்ரீ வெளியிட்ட சோதனையில், ‘அ’ என்ற ஒலிக்குப் பின் வந்த சொல்லைக் கேட்டவர்கள் இன்னும் விரைவாக அடையாளம் கண்டார்கள். ‘கொஞ்சம் பொறு, வருகிறது’ என்ற அறிவிப்பு அது. ஆங்கில உரையாடலில் நூறு சொல்லுக்குச் சுமார் 6 இடத்தில் இப்படித் தடுமாற்றமோ திருத்தமோ வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதிவு செய்து கேட்காதவரை இது நமக்குத் தெரிவதே இல்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வின்படி, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் சராசரியாக ஐந்தில் ஒரு நொடிதான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதாவது எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் நம் பதிலை மூளை தயாரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தயாராகவில்லையென்றால் வாய் திறந்து ‘அது வந்து’ என்று இடம் பிடித்துக்கொள்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அது என்ன ஆயிற்று என்பதற்குக் கடைசிவரை கேட்பவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ‘பாத்தீங்கன்னா’வின் உண்மையான வேலை அதுதான். ‘அட்டெண்டன்ஸ் பாத்தீங்கன்னா’ என்று ஒருமுறை சொன்னால், பேச்சு இப்போது வருகைப் பதிவுக்குத் திரும்புகிறது என்று கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒட்டும்போதுதான் அந்தப் பயன் போய்விடுகிறது. கடைசியில் “கொறஞ்சிருக்கு பாத்தீங்கன்னா” என்று வினைக்குப் பின்னாலும் ஒட்டுவது வெறும் பழக்கம்.

படித்தவர்கள் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஷாக்டர் குழுவினர் விரிவுரையாளர்களின் தடுமாற்றங்களை எண்ணினார்கள். நீங்கள் நோட்டின் ஓரத்தில் போட்ட கோட்டைத்தான் அவர்கள் ஆய்வாகச் செய்தார்கள். இயற்கை அறிவியல் ஆசிரியர்களைவிட இலக்கியம், கலை போன்ற துறைகளின் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஆனால் எல்லோரையும் ஒரே பொதுவான விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆளில் குறையில்லை, பொருளில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றைச் சொல்ல ஒரே வழி இருந்தால் தேர்வு இல்லை, தயக்கம் இல்லை. பத்து வழி இருந்தால் ஒவ்வொரு முனையிலும் நின்று யோசிக்க வேண்டும். நிறையச் சொற்கள் கைவசம் உள்ளவருக்கு நிற்கும் இடங்களும் நிறைய.

இத்துடன் மௌனம் பற்றிய பயமும் சேர்கிறது. கூட்டத்தில் ஒரு நொடி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சைப் பிடுங்கிவிடுவார். தடுமாறினால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே இடைவெளி தெரியாமல் சொல்லால் அடைக்கிறார்கள். ‘ம்ம்’ என்று அடைத்தால் தெரியாதவர் போல் இருக்கும். ‘பேசிக்கலி’, ‘இன் தி சென்ஸ்’, ‘டெக்னிக்கலி’ என்று அடைத்தால் யோசித்துப் பேசுகிறவர் போல் இருக்கும். மேடைத் தமிழிலும் இதற்குச் சமமானவை உண்டு. ‘என்பதை இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்’, ‘என்று சொன்னால் அது மிகையாகாது’ ஆகியவை அடுத்த வாக்கியம் கிடைக்கும்வரை ஓடும் நீளமான ‘ம்ம்’தான். சுத்தத் தமிழில் இருப்பதால் யாரும் இவற்றைக் குறை சொல்வதில்லை. மிகையாகாது என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும், அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நம் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது என்ற ஏழு சொற்களை அசைநிலை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செய்யுளில் தனிப்பொருள் இல்லாமல் நிற்க அவற்றுக்கு உரிமை உண்டு. நன்னூலோ நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ‘நின்றுபயன் இன்மை’யைக் கடைசியாக வைத்திருக்கிறது. செய்யுளுக்கு ஓசை வேண்டும், நூலுக்குப் பயன் வேண்டும். உரையாடலில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. துறைத் தலைவர் நூல் எழுதவில்லை, பேசுகிறார்.

அவரிடம் சொல்லாதீர்கள். பக்குவமாகவும் சொல்லாதீர்கள்.

முதலாவது காரணம் நடைமுறை சார்ந்தது. பேச்சைக் கவனித்துக்கொண்டே பேசுபவர் கூடுதலாகத் தடுமாறுவார். நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் பெவர்லி கிரீகரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வெறும் பதற்றத்தைவிட, தன் பேச்சைப் பற்றிய கவனமே ‘அம்’களைக் கூட்டியது, மது அருந்தியவர்களுக்கு அவை குறைந்தன! (இதை நான் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை.) நீங்கள் சொன்ன மறுநாள் அவர் ‘பாத்தீங்கன்னா’வை விழுங்குவார், அந்த இடத்தில் ‘என்ன சொல்றேன்னா’ வந்து உட்காரும். நீங்கள் புதிதாக எண்ண ஆரம்பிப்பீர்கள்.

இரண்டாவது காரணம் உங்களைப் பற்றியது. எண்ணத் தொடங்கிய காது வேறு எதையும் கேட்காது. ஒன்றைக் கவனிக்கத் தொடங்கியதும் அது எங்கும் நிறைந்திருப்பதாகத் தோன்றும் இந்த மயக்கத்துக்கு மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005-இல் ஒரு பெயரே வைத்தார். அவரை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குப் பிடித்த சக ஆசிரியை ஒருவர் இதே சொல்லை இதே அளவு சொல்லக்கூடும், நோட்டில் அவருக்குக் கோடு இருக்காது. பாடவேளை ஒதுக்கீட்டிலோ விடுப்பிலோ தலைவர் மீது மனத்தாங்கல் ஏதும் இருந்தால், அதைப் பேசித் தீர்ப்பதுதான் வழி. ‘பாத்தீங்கன்னா’ அதற்குப் பதிலாள் ஆகிவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுகளை எழுதவேண்டிய கை நிரப்புச் சொற்களை எழுதாது; எழுதாத சொல்லைக் காதும் மெல்ல விட்டுவிடும். ஒருவேளை அவரே ஒரு கருத்தரங்க உரைக்குப்பின் “எப்படி இருந்தது, வெளிப்படையாச் சொல்லுங்க மேடம்” என்று கேட்டால், அப்போது சொல்லலாம். தனியாக, ஒரே ஒரு சொல்லை மட்டும், ஓர் இடத்தைக் காட்டி: “சார், வாக்கியம் முடிஞ்சப்புறம் வர்ற ‘பாத்தீங்கன்னா’வை விட்டுட்டா இன்னும் அழுத்தமா இருக்கும்.” எண்ணிக்கையைச் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த நோட்டை யார் கண்ணிலும் படாமல் வையுங்கள்.

கணவர் விஷயத்திலும் ஏறக்குறைய இதேதான், ஒரு சலுகையுடன். வீட்டில் கேலி செய்ய உரிமை உண்டு. உங்கள் மகள் அதைத்தான் செய்திருக்கிறாள். விருந்தினர் முன்னிலையில் மட்டும் வேண்டாம்.

உங்கள் ‘புரியுதா?’வுக்கு வருகிறேன். ஒரு வகுப்பை உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் சொந்தக் குரலைக் கேட்கவே சங்கடமாக இருக்கும். நம் குரலை நாம் வழக்கமாக எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியிருப்பதால் பதிவில் மெலிந்து ஒலிக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். அதில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, ஒரு சொல் விடாமல் கையால் எழுதுங்கள். சொல் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். வாக்கியத் தொடக்கத்தில் விழுவது பேச்சைப் பிடிப்பதற்கு. நடுவில், பெயர்ச்சொல்லுக்கு முன் விழுவது தேடலுக்கு. முடிவில் விழுவது ஒப்புதல் கேட்பதற்கு. உங்களுடையது பெரும்பாலும் முடிவில்தான் இருக்கும். அதாவது ஒரு கருத்து முடிந்தது, அடுத்ததற்குப் போகலாமா என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் இடம்.

அந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைக்காதீர்கள். ‘சரியா?’, ‘ஓகேவா?’ எல்லாம் அதே ஆள், வேறு சட்டை. வாயை மூடி, மூக்கு வழியாக ஒரு மூச்சு எடுங்கள். வேண்டாத பழக்கம் தலைதூக்கும் நொடியை உணரவும், அந்த நொடியில் அதனுடன் சேர்ந்து செய்ய முடியாத இன்னொன்றைச் செய்யவும் பழக்கும் முறையை நேத்தன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973-இல் வகுத்தார்கள். நகம் கடிப்பது, தோளைக் குலுக்குவது போன்றவற்றுக்கு இன்றும் பயன்படுகிறது. மூடிய வாயால் ‘புரியுதா’ சொல்ல முடியாது, அவ்வளவுதான். பேசுபவருக்கு அந்த மௌனம் நீளமாகத் தோன்றும். எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு அது மூச்சு விடும் நேரம். எல்லா வகுப்பிலும் முயலாதீர்கள். நாளுக்கு ஒரு வகுப்பில், முதல் பத்து நிமிடம் மட்டும் போதும். மீதி நேரம் பழையபடி பேசுங்கள். சொல் வெளியே வந்தபின் நாக்கைக் கடித்துக்கொள்கிறீர்கள் என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். வருமுன் தடுப்பது அதற்கு அடுத்த படி.

உண்மையிலேயே புரிந்ததா என்று தெரிய வேண்டிய இடங்களும் பாடத்தில் இருக்குமே, அங்கே கேள்வியைக் கேள்வியாகக் கேளுங்கள். தேய்மானம் நடத்தி முடித்ததும் “தேய்மானக் கணக்கைப் பற்று வைப்பதா, வரவு வைப்பதா? சொத்துக் கணக்கு என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். பதில் தவறாக வந்தால் உங்களுக்கு ஒரு தகவல் கிடைக்கிறது. ‘புரியுதா?’வுக்குக் கிடைக்கும் தலையாட்டலில் எந்தத் தகவலும் இல்லை.

மாணவர்களின் மதிப்பெண் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: குறைக்காதீர்கள். செமினாரில் நிற்கும் மாணவன் பாதி அறிந்த விஷயத்தை, பழகாத சொற்களில், மதிப்பெண் போடுபவர் முன் சொல்கிறான். தடுமாற்றத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவன் தடுமாற மாட்டான். நின்று யோசித்துப் பதில் சொல்பவன்தான் ‘வந்து’ என்பான். இப்போதைய முறையில் முதலாமவனுக்கு நீங்கள் பரிசு கொடுக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மாணவர்களுக்கு ‘வந்து வந்து’ என்பது பழக்கமே அல்ல. திக்கல் உள்ளவர்கள், சிக்கப்போகும் ஒலிக்கு முன்னால் ஓடிவரும் தூரம்போல அதைப் பயன்படுத்துவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லும் முன் தடுமாறுவது, ஒரு சொல்லைச் சொல்லப்போய்ச் சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவுவது, கழுத்திலோ உதட்டிலோ இறுக்கம் தெரிவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். அவர்களிடம் ‘நிதானமாப் பேசு’ என்று சொல்வதுகூடப் பாரம்தான். முடிக்கும்வரை காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், விருப்பமிருந்தால் பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கலாம் என்று தனியாகச் சொல்லுங்கள். வயதானவர்கள் விஷயம் வேறு. இதுவரை சரளமாகப் பேசியவர் சில மாதங்களாகச் சாதாரணப் பொருள்களின் பெயர்கூட வராமல் ‘அது, இது’ என்றே பேசுகிறார் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ உடனே மருத்துவமனைதான்.

உங்கள் செமினார் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தடையின்றிப் பேசுதல்’ என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான மதிப்பெண்ணைக் ‘கேள்விக்கு நேரான பதில்’ என்ற வரிக்கு மாற்றிவிடுங்கள். இந்த செமஸ்டரில் ஏற்கனவே யாருக்காவது குறைத்திருந்தால், பட்டியலைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பும் முன் அந்தப் பெயர்களை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.